கோபுரத்தை மறந்த கூடம்: கோவா கடற்படை விமான அருங்காட்சியகம்

டபோலிமில் இறங்கிப் பெட்டியை எடுத்துக்கொண்டு நேரே கலங்கூட்டுக்கோ கோல்வாவுக்கோ கிளம்பிவிடுகிறவர்களில் பலருக்குத் தாங்கள் இறங்கியது ஒரு கடற்படைத் தளத்தில் என்பதே தெரியாது. டபோலிம் விமான நிலையம் என்று நாம் சொல்வது, ஐ.என்.எஸ். ஹன்சா என்ற தளத்தின் ஓரத்தில் கட்டிய பயணிகள் முனையம், அவ்வளவுதான். முனையம் விமான நிலைய ஆணையத்தின் பொறுப்பு. ஓடுபாதை கடற்படையுடையது. சென்னையிலிருந்து வரும் பயணிகள் விமானத்துக்கு 'இறங்கலாம்' என்று அனுமதி தரும் குரலும் கடற்படையின் குரல்தான். அந்தத் தளத்தை ஒட்டி, பொக்மாலோ கடற்கரைக்குப் போகிற சாலையில், 1998 அக்டோபரில் திறக்கப்பட்டது இந்த அருங்காட்சியகம்.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம். விமானங்களைப் பார்க்கப் போனால் ஐந்துக்கு நான்கு. அவற்றை எப்படிப் பறக்கவிட்டார்கள், முக்கியமாக எப்படிப் பத்திரமாகத் திரும்ப இறக்கினார்கள் என்று தெரிந்துகொள்ளப் போனால் ஐந்துக்கு இரண்டு, அதுவும் தாராளமாகப் போட்டால். விமானங்களுக்குக் கிடைத்த இடம் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குக் கிடைக்கவில்லை. பலகைகளும் பெயர், ஆண்டு, அளவு, வேகம் என்று சுருக்கமாக நின்றுவிடுகின்றன. ஒன்றும் தெரியாமல் உள்ளே போகிறவர் முக்கால் மணி நேரத்தில் எல்லா விமானத்தின் முன்னும் படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவார். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவருக்கு மூன்று மணி நேரம் போதாது.

நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு செய்தி. ஹன்சா பிறந்தது கோவாவில் அல்ல, கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் சூலூரில். 1961 செப்டம்பர் 5 அன்று அங்கேதான் அது தொடங்கப்பட்டது. விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பலுக்காக வாங்கிய புது ஜெட்டுகளுக்குக் கரையில் ஒரு வீடு வேண்டியிருந்தது. அந்த டிசம்பரில் கோவா இந்தியாவோடு சேர்ந்தது, 1962 ஏப்ரலில் டபோலிம் கடற்படையின் கைக்கு வந்தது, 1964 ஜூனில் ஹன்சா அங்கே குடிபெயர்ந்தது. கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிக் கொங்குநாட்டில் ஒரு கடற்படை விமானத்தளம் இருந்தது என்பது இப்போது கேட்க வேடிக்கைதான்.

வெளித்திடலில் முதலில், விக்ராந்துக்காக வாங்கிய அந்த ஜெட்டான சீ ஹாக்கிடம் போங்கள். எல்லோரும் மூக்கின் முன்னே நின்று படம் எடுப்பார்கள். நீங்கள் வாலுக்குப் போங்கள். கப்பல் தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியில் சிக்கி விமானத்தை நிறுத்துவதற்காக அடியில் இருக்கும் கொக்கிதான் இந்த விமானத்தின் கதை. இதன் நீன் எஞ்சின் கக்கும் தீக்காற்று வால்வழியே போகாது. இறக்கை உடலோடு சேரும் இடத்தில் இரண்டாகப் பிரிந்து இருபக்கமும் வெளியேறும். அதனால் பின்னுடலில் குழாய்க்குப் பதில் எரிபொருளை வைக்க முடிந்தது. எஞ்சினுக்குப் பின்னால் இருக்க வேண்டிய ஓட்டை எங்கே என்று குழந்தைகள் கேட்பார்கள். இதுதான் பதில்.

அடுத்துக் கால்களைப் பாருங்கள். சீ ஹாக், நீர்மூழ்கி தேடும் விமானமான அலிஸே இரண்டின் சக்கரக் கால்களையும், அதே திடலில் நிற்கும் எச்.டி.-2 பயிற்சி விமானத்தின் கால்களையும் ஒப்பிட்டால் போதும், கப்பலில் இறங்குவதும் தரையில் இறங்குவதும் ஒன்றல்ல என்று விளங்கிவிடும். தரையில் இறங்கும் விமானி ஓடுபாதைக்கு மேலே வந்ததும் மூக்கை மெல்லத் தூக்கி, இறங்கும் வேகத்தைக் குறைத்து, பூப்போல வைப்பார். சற்று மிதந்து போனாலும் முன்னால் இரண்டு கிலோமீட்டர் பாதை இருக்கிறது. விக்ராந்தின் மொத்த நீளமே 213 மீட்டர். அதில் இறங்குவதற்குரிய பகுதி இன்னும் குறைவு, குறுக்கே கட்டிய கம்பிகள் அதைவிடக் குறைந்த இடத்தில். அங்கே மூக்கைத் தூக்கினால் கொக்கி எல்லாக் கம்பிகளையும் தாண்டிவிடும். ஆகவே வந்த சரிவிலேயே வந்து இடிக்க வேண்டும். சக்கரம் தொட்ட கணத்தில் எஞ்சினை அணைப்பதற்குப் பதிலாக முழு விசைக்குத் தள்ள வேண்டும். கம்பி சிக்கினால் விமானம் நின்றுவிடும்; சிக்காவிட்டால் அந்த விசைதான் மறுபடி மேலே தூக்கும். விசையைக் கூட்டத் தயங்கியவருக்கு முன்னால் இருப்பது கடல். தடித்த கால்கள் இந்த இடியைத் தாங்கத்தான்.

இந்தச் சரிவைக் கண்ணால் பிடிக்க உதவியது கண்ணாடி. பிரிட்டிஷ் கடற்படையின் நிக்கோலஸ் குட்ஹார்ட் 1951இல் முன்வைத்த யோசனை அது. தளத்தின் ஓரத்தில் குழிந்த பெரிய கண்ணாடி ஒன்று, அதன் இருபுறமும் வரிசையாகப் பச்சை விளக்குகள். தளத்தின் பின்பக்கமிருந்து ஒரு விளக்கின் ஒளி கண்ணாடியில் விழும். விமானிக்கு அது ஒரு ஒளி உருண்டையாகத் தெரியும். உருண்டை பச்சை வரிசைக்கு மேலே போனால் விமானம் உயரத்தில் இருக்கிறது, கீழே போனால் தாழ்ந்துவிட்டது. வரிசைக்கு நேராக வைத்துக்கொண்டே வந்தால் கம்பியில் போய் விழலாம். ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் கட்டி முடித்து 1961 மார்ச் 4 அன்று பெல்ஃபாஸ்டில் சேவையில் சேர்ந்த விக்ராந்தில் இந்தக் கண்ணாடி, கோணத்தில் திரும்பிய தளம், விமானத்தை முன்னால் எறிந்து எழவைக்கும் நீராவி எறிபொறி மூன்றும் இருந்தன. அதே ஆண்டு மே 18 அன்று அதன் தளத்தில் முதலில் இறங்கிய இந்திய விமானி ஆர்.எச். தஹிலியானி, பின்னாளில் கடற்படைத் தலைமைத் தளபதி.

இங்கேதான் கரையிலுள்ள தளத்தின் வேலை வருகிறது. கப்பலில் நேராகப் போய் யாரும் பழக முடியாது. ஓடுபாதையில் கப்பல் தளத்தின் அளவுக்குக் கோடு வரைந்து, பக்கத்தில் அதே கண்ணாடியை வைத்து, தொட்டு எழுவது, தொட்டு எழுவது என்று திரும்பத் திரும்பப் பழக்குவார்கள். ஓடுபாதையைச் சுற்றிப் பறக்கும் வட்டத்தில் நான்கு விமானம் இருந்தால் கோபுரத்துக்கு ஒவ்வொரு நிமிடமும் ஒரு முடிவு. சக்கரம் இறங்கியிருக்கிறதா, எரிபொருள் இன்னும் எத்தனை சுற்றுக்கு, முன்னவர் மேலே ஏறிவிட்டாரா? கொக்கி இறங்காமலே பழகும் பயிற்சியும் உண்டு. ஆனால் சக்கரத்தை இறக்க மறந்துவிட்டால் பழகுவதற்கு ஒன்றும் இருக்காது. ஓடுபாதை முனையில் ஒரு சிறு கூண்டில் தொலைநோக்கியோடும் சிவப்பு வாணத் துப்பாக்கியோடும் ஒருவரை உட்கார வைப்பது இதற்காகத்தான். சிவப்பு வாணம் எழுந்தால், முன்னால் என்ன அனுமதி கொடுத்திருந்தாலும் அது ரத்து, இப்போது இறங்காதே என்று பொருள். கண்ணாடியின் நகலும் இந்தக் கூண்டின் நகலும் சீ ஹாக்குக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் பார்வையாளர் எவருக்கும் மறக்காது. பெரிய செலவும் ஆகாது.

அலிஸேவின் அடிவயிற்றைக் குனிந்து பாருங்கள். நீர்மூழ்கி தேடும் ரேடாரை உள்ளே இழுத்துக்கொண்டு, தேவையானபோது அண்டாபோலக் கீழே இறக்கும் அமைப்பு அங்கே இருந்தது. இறக்கையின் முன்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் இரண்டு கூடுகள் சக்கரக் கால்களுக்கானவை. மூன்று பேர் பறக்கும் விமானம், முன்னால் டார்ட் டர்போபிராப் எஞ்சின். சீ ஹாக்கைவிட மெதுவானது. கோபுரத்தின் கணக்கில் இது தனித் தலைவலி. ஒரே வட்டத்தில் வேகமான ஜெட்டும் மெதுவான அலிஸேவும் சுற்றினால், பின்னால் வருவது முன்னால் போவதை முட்டித் தள்ளும். வேகமானதை வெளிவட்டத்தில் சுற்றவிடுவது, மெதுவானதை முன்கூட்டியே திருப்பிக் கொண்டுவருவது என்று ஒவ்வொரு முறையும் மனக்கணக்கு போட வேண்டும்.

மிதந்து நின்று செங்குத்தாக இறங்கும் ஜெட்டான சீ ஹாரியருக்குக் கொக்கி கிடையாது, தேவையுமில்லை. இதில் பார்க்க வேண்டியது எஞ்சின் காற்றைக் கீழ்நோக்கித் திருப்ப, பக்கத்துக்கு இரண்டாக உள்ள நான்கு குழாய்களை மட்டுமல்ல. இறக்கை நுனி, மூக்கு, வால் நுனி ஆகியவற்றில் சின்னச் சின்னத் துளைகளைத் தேடுங்கள். விமானம் ஒரே இடத்தில் மிதந்து நிற்கும்போது இறக்கைமேல் காற்று ஓடுவதில்லை. அப்போது சுக்கானைத் திருப்பினாலும் பயனில்லை. எஞ்சினிலிருந்து எடுத்த அழுத்தக் காற்றை இந்தத் துளைகள் வழியே பீய்ச்சித்தான் நிலையாக வைத்திருப்பார்கள். இதன் பெகாசஸ் எஞ்சினுக்குக் கூடுதல் உந்துவிசை தேவைப்பட்டால் தண்ணீர் பீய்ச்சும் வசதி உண்டு. ஆனால் அந்தத் தண்ணீர் ஒன்றரை நிமிடம் அளவுக்குத்தான் வரும். ஆகவே ஹாரியர் விமானியிடம் 'கொஞ்சம் காத்திரு' என்று சொல்வது, மற்ற விமானியிடம் சொல்வதுபோல் அல்ல. மிதக்கத் தொடங்கிய பிறகு இடம் தயாராக இல்லை என்று சொன்னால் எரிபொருளும் போய் நீரும் போய் விமானமும் போகும். தரையில் இன்னொரு தொல்லை: கீழ்நோக்கி அடிக்கும் காற்று கல்லையும் மண்ணையும் கிளப்பி எஞ்சினுக்குள்ளேயே ஊட்டிவிடும். இறங்கும் இடத்தை வரிசையாக நடந்து, குனிந்து பொறுக்கிச் சுத்தம் செய்வது இந்த வகைத் தளங்களில் அன்றாட வேலை. முதல் மூன்று சீ ஹாரியர்கள் 1983 டிசம்பர் 16 அன்று இதே டபோலிமில் வந்திறங்கின. 2016 மே 11 அன்று இதே ஹன்சாவில் விடைபெற்றன. வந்த இடத்திலேயே காட்சிக்கு நிற்பது இதன் பேறு. பலகை இதைப் பெரிய எழுத்தில் சொல்லியிருக்கலாம்.

திடலின் ராஜா, அல்லது பெயர்ப்படி ராணி, சூப்பர் கான்ஸ்டலேஷன் என்ற நான்கு எஞ்சின் பயணிகள் விமானம். மூன்று வால் துடுப்பு, மீனின் முதுகுபோல வளைந்த உடல், 35 மீட்டர் நீளம். ஏர் இந்தியாவில் 'ராணி ஆஃப் எல்லோரா' என்ற பெயரோடு பறந்து, பிறகு விமானப்படைக்குப் போய், அங்கிருந்து கடற்படைக்கு வந்தது. எஞ்சின்களைக் கவனியுங்கள்: ஒவ்வொன்றிலும் 18 சிலிண்டர், அதோடு வெளியேறும் புகையின் விசையையும் மூன்று சிறு டர்பைன்களால் திரும்பப் பிடித்துச் சுழல்தண்டில் சேர்க்கும் ஏற்பாடு. சக்தி நிறைய, சூடும் நிறைய, கோளாறும் நிறைய. உலகின் மிகச் சிறந்த மூன்று எஞ்சின் விமானம் இது என்று அந்தக் காலத்தில் கேலி செய்வார்கள், நான்கில் ஒன்று அடிக்கடி அணைந்துவிடும் என்பதால்.

இதே ரக விமானத்துக்கு டபோலிமோடு இன்னொரு உறவு உண்டு. 1961 டிசம்பர் 18 அன்று, அப்போது போர்த்துகீசியர் வசமிருந்த இந்த ஓடுபாதையை இந்திய கான்பெரா விமானங்கள் குண்டுவீசித் தகர்த்தன. நிறுத்துமிடத்தில் நின்ற இரண்டு போர்த்துகீசியப் பயணிகள் விமானங்கள், ஒரு சூப்பர் கான்ஸ்டலேஷனும் ஒரு டி.சி.-4உம், சேதமில்லாமல் தப்பின. அன்றிரவு ஆட்கள் குழிகளை அவசரமாகச் சரிசெய்ய, மிஞ்சியிருந்த சுமார் 700 மீட்டரில் ஓடி எழுந்து, இரண்டும் இருட்டில் கராச்சிக்குப் பறந்துவிட்டன. முழுப் பாரத்தோடு 62 டன் வரை எடையுள்ள விமானம் இது. பாரத்தைக் குறைத்திருந்தாலும் 700 மீட்டர் என்பது எவ்வளவு குறைவு என்று, அதன் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் உறைக்கும். எதிரியின் தப்பித்தலைப் பலகையில் எழுதக் கூச்சமாக இருக்கலாம். ஆனால் ஓடுபாதையின் கதையில் அதைவிடச் சுவையான இரவு வேறில்லை.

மற்றவற்றைக் கொஞ்சம் வேகமாகவே பார்க்கலாம். சீலேண்ட், நீரிலும் நிலத்திலும் இறங்கும் சிறு விமானம். கடற்படை விமானப் பிரிவு தொடங்கியதே இந்த ரகத்தோடுதான், 1953இல் கொச்சியில். வேம்பயர் ஜெட்டின் முன்னுடல் ஒட்டுப்பலகை, அதாவது மரம். ஃபயர்ஃபிளை, பீரங்கிப் பயிற்சிக்காகப் பின்னால் நீண்ட கயிற்றில் துணி இலக்கை இழுத்துப் போனது. அந்தக் கயிற்றோடு இறங்க முடியாது என்பதால் முதலில் தளத்தில் குறித்த இடத்தில் அதை உதறிவிட்டு, ஒரு சுற்று சுற்றி வந்து இறங்குவார்கள். கீழே ஆள் இல்லை என்று உறுதிசெய்வது கோபுரத்தின் பொறுப்பு. ஹெலிகாப்டர்களில் காமோவ்-25ஐ விட்டுவிடாதீர்கள். ஒன்றின்மேல் ஒன்றாக எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு விசிறிகள். அதனால் வாலில் விசிறி தேவையில்லை, உடல் குட்டை, போர்க்கப்பலின் சின்னக் கொட்டகைக்குள் அடங்கிவிடும். சேத்தக்கை எல்லோரும் கடந்து போய்விடுவார்கள், ஏனென்றால் இன்றும் வானில் பார்க்கிறோம். விமானந்தாங்கியில் ஒவ்வொரு விமானமும் ஏறி இறங்கும்போது கப்பலின் பக்கத்தில் மிதந்து நிற்பது இதன் வேலை. விமானம் கடலில் விழுந்தால் ஆளைத் தூக்க வேண்டியது இதுதான். அந்தக் காவல் இல்லாமல் விமானம் எழவே அனுமதி கிடையாது.

உள்கூடத்தில் விக்ராந்த், விராட் கப்பல்களின் மாதிரிகள், குண்டுகள், டார்பிடோக்கள், எஞ்சின்கள், உயிர்காப்புக் கருவிகள், புகைப்படங்கள். விக்ராந்த் மாதிரியிடம் மட்டும் நின்று நேரம் செலவிடுங்கள். மேலே சொன்ன கோணத் தளத்தை அங்கே கண்ணால் பார்க்கலாம். இறங்கும் கோடு கப்பலின் நீளத்தோடு போகாமல் இடப்பக்கம் விலகி ஓடுகிறது. கம்பியைத் தவறவிட்ட விமானம் முன்னால் நிறுத்தியிருக்கும் விமானங்கள்மேல் மோதாமல் கடல்பக்கமாக ஏறிப் போக வழி. குழந்தைகளோடு போனால் இந்த மாதிரியை முதலில் காட்டிவிட்டு வெளியே சீ ஹாக்கிடம் கூட்டிப்போவது நல்லது. தலைகீழாகப் போனால் பாதி புரியாது.

இந்தக் கூடத்தில்தான் பெரிய குறை தெரிகிறது. மேகம் தரையோடு தாழ்ந்து நிற்கும் ஜூலை மாதத்தில், ஒற்றை இருக்கை ஜெட்டில் எரிபொருள் குறைந்துகொண்டே வரும்போது, விமானியை வீட்டுக்குக் கொண்டுவந்தது பேச்சு. விமானி பேசிக்கொண்டே இருந்தால் கீழே திசைகாணும் கருவி அவர் எந்தப் பக்கம் என்று காட்டும். 'இந்தத் திசையில் வா' என்று ஒரு எண்ணைச் சொல்வார்கள். அதன் பிறகு துல்லிய அணுகு ரேடார். இருட்டறையில் ஒருவர், எதிரே திரை. திரையில் இரண்டு படம்: ஒன்றில் விமானம் சரிவுக் கோட்டுக்கு மேலா கீழா என்று தெரியும், மற்றதில் ஓடுபாதையின் நேர்கோட்டுக்கு இடமா வலமா என்று தெரியும். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்து, விடாமல் பேச வேண்டும். கடைசிக் கட்டத்தில் விமானி பதில் சொல்ல வேண்டியதில்லை, கேட்டுச் செய்தால் போதும். ஐந்து விநாடி குரல் கேட்காவிட்டால் இறங்குவதைக் கைவிட்டு மேலே ஏறிவிட வேண்டும் என்பது இவ்வகை இறக்கத்தில் வழக்கமான விதி. கன்ட்ரோலர் இருமக்கூட நேரம் பார்த்துத்தான் இரும வேண்டும்.

கணக்கு எளிது. மூன்று டிகிரி சரிவில் ஒரு கடல்மைலுக்கு ஏறக்குறைய 300 அடி இறங்க வேண்டும். 120 நாட் தரைவேகம், அதாவது மணிக்கு 120 கடல்மைல் என்றால் நிமிடத்துக்கு இரண்டு மைல், ஆகவே நிமிடத்துக்கு 600 அடி. தரைவேகத்தை ஐந்தால் பெருக்கு என்று மனதில் வைத்துக்கொள்வார்கள். எதிர்க்காற்று 10 நாட் கூடினால் அது 550 ஆகிவிடும்; பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருந்தால் விமானம் ஓடுபாதைக்கு முன்பே தரையைத் தேடும். திருத்தங்கள் இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் போகக்கூடாது. புதிதாகக் கற்கும் கன்ட்ரோலர் செய்யும் தப்பு, திரையில் தெரியும் விமானப் புள்ளியின் பின்னாலேயே ஓடுவது. பத்து டிகிரி வலது என்று சொல்லி, அது கோட்டைத் தாண்டியதும் பத்து டிகிரி இடது என்று சொல்லி, விமானியைப் பாம்புபோல நெளிய வைத்துவிடுவார். மழை பெய்தால் தொல்லை இரட்டிப்பு. இந்த ரேடாரின் குறுகிய அலை மழைத்துளியிலும் பட்டுத் திரும்பும், திரையே வெளுத்துவிடும். அலையைச் சுழல்வடிவில் அனுப்பி மழையின் எதிரொலியைக் குறைப்பார்கள், ஆனால் விமானத்தின் எதிரொலியும் கொஞ்சம் மங்கும்.

ஒரு பழைய ரேடார்த் திரை, ஒரு காதொலிப்பான், இரண்டு நிமிடப் பேச்சு. ஒரு மூலையில் இவ்வளவு வைத்தால் போதும், இந்தக் கூடத்தின் மதிப்பு இரட்டிப்பாகும். வானொலி செத்துப்போனால் கோபுரம் பயன்படுத்தும் ஒளித் துப்பாக்கியையும் வைக்கலாம், அதைப் புரிந்துகொள்ளப் படிப்பே வேண்டாம். வானில் இருப்பவருக்கு நிலையான பச்சை என்றால் இறங்கு, நிலையான சிவப்பு என்றால் வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிரு, விட்டுவிட்டு வரும் சிவப்பு என்றால் தளம் பாதுகாப்பில்லை, இறங்காதே.

பராமரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. விமானங்கள் திறந்தவெளியில், அரபிக்கடலின் உப்புக்காற்றில், நான்கு மாத மழையில் நிற்கின்றன. அலுமினியத் தகட்டில் எஃகு ஆணி சேரும் இடத்தில் உப்புநீர் பட்டால் அரிப்பு தொடங்கும். வண்ணத்துக்கு அடியில் கொப்புளம் கிளம்புவது அதன் அடையாளம். விமானி அறையின் ஒளிபுகு மூடி வெயிலில் நுண்ணிய விரிசல் விட்டுப் புகைபடிந்ததுபோல ஆகிவிடும். அடிக்கடி வண்ணம் பூசுவது கண்ணுக்கு நன்றாக இருக்கும், அரிப்பை நிறுத்தாது. கூரை ஒன்றுதான் மருந்து. சூப்பர் கான்ஸ்டலேஷனுக்கும் மர உடல் கொண்ட வேம்பயருக்குமாவது அது அவசரம்.

இனி, டிக்கெட் வாங்காமல் கிடைக்கும் காட்சி. பக்கத்துத் தளம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மிக்-29கே, டோர்னியர், ஹெலிகாப்டர்கள், நடுவில் பயணிகள் விமானங்கள், எல்லாம் சுமார் 3,400 மீட்டர் நீளமுள்ள ஒரே ஓடுபாதையில். அதன் எண்கள் 08, 26. மழைக்கால மேற்குக் காற்றில் பெரும்பாலும் 26, அதாவது நிலப்பக்கமிருந்து வந்து கடலைப் பார்த்து இறங்குவார்கள். பயணிகள் விமானம் பத்து மைல் தொலைவிலிருந்து நேர்கோட்டில் வரும். 140 நாட் வேகத்தில் அதற்கு நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். போர் விமானம் ஓடுபாதைக்கு மேலேயே வந்து, சட்டென்று சாய்ந்து திரும்பி, இரண்டு நிமிடத்துக்குள் இறங்கிவிடும். ஆகவே அந்த இடைவெளிக்குள் ஒன்றைச் செருக முடியும், கணக்கு தப்பாவிட்டால். தப்பினால் பின்னால் வரும் பயணிகள் விமானம் மறுபடி ஏறிச் சுற்ற வேண்டும். உள்ளே இருப்பவர்கள் காரணம் தெரியாமல் சாமியைக் கும்பிடுவார்கள். இன்னொரு சிக்கல் வானொலி. போர் விமானங்கள் பேசுவது யு.எச்.எஃப்.பில், பயணிகள் விமானங்கள் வி.எச்.எஃப்.பில். இரண்டு அலைவரிசையையும் கோபுரத்தில் இணைத்து வைக்காவிட்டால் ஒரு விமானி மற்றவர் பேசுவதைக் கேட்க முடியாது, கன்ட்ரோலரின் பாதிப் பேச்சு மட்டும் கேட்கும். யார் எங்கே என்ற முழுப்படம் அப்போது ஒரே ஒரு தலைக்குள்தான் இருக்கும்.

கடற்படைப் பயிற்சிக்காக வாரநாட்களில் காலை எட்டரை முதல் மதியம் ஒரு மணி வரை பயணிகள் விமானங்களுக்குப் பல ஆண்டுகளாகக் கட்டுப்பாடு இருந்துவருகிறது. ஒற்றை ஓடுபாதை என்பதால் ஒன்று தடுக்கினால் எல்லாம் நிற்கும். 2018 ஜனவரி 3 அன்று ஒரு மிக்-29கே ஓடுபாதையை விட்டு விலகித் தீப்பிடித்தபோதும் (விமானி தப்பிவிட்டார்), 2019 ஜூன் 8 அன்று இன்னொன்றின் எரிபொருள் தொட்டி ஓடுபாதையில் விழுந்து எரிந்தபோதும் பயணிகள் போக்குவரத்து நின்றது. எனவே விமானத்துக்கு முந்தைய சில மணி நேரத்தை இங்கே கழிக்கலாம் என்று நினைப்பவர்கள் விமானத்தின் நிலவரத்தைப் பார்த்துக்கொண்டே சுற்றுவது நல்லது. இன்னும் முக்கியம், உங்கள் டிக்கெட்டில் இருப்பது டபோலிம்தானா என்று பாருங்கள். 2023 ஜனவரியிலிருந்து வடக்கே மோபாவிலும் விமான நிலையம் இயங்குகிறது. டபோலிம் ஜி.ஓ.ஐ., மோபா ஜி.ஓ.எக்ஸ். இரண்டும் 'கோவா' என்றே திரையில் வரும். மோபாவில் விமானத்தை வைத்துக்கொண்டு மதியம் மூன்று மணிக்குப் பொக்மாலோவில் நின்றால், மாநிலத்தின் பாதியைத் தாண்ட வேண்டும்.

திங்கட்கிழமை விடுமுறை. போர் விமானச் சத்தமும் வேண்டுமென்றால் செவ்வாய் முதல் வெள்ளி வரை, திறந்தவுடன் போங்கள். அமைதி போதும் என்றால் சனி, ஞாயிறு, ஆனால் பள்ளிக் கூட்டம் இருக்கும். திடலில் நிழல் குறைவு; மார்ச்சிலிருந்து மே வரை பதினொரு மணிக்கு மேல் தகடுகள் தொட முடியாமல் கொதிக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை குடையோடு போனாலும் பாதி நேரம் உள்கூடத்தில்தான் கழியும். தொப்பி, தண்ணீர், குனிந்து பார்க்க வசதியான உடை. விமானத்தின் அடிவயிறுதான் சுவாரசியம் என்பதால் சேலை கட்டியவர்களுக்கும் வேட்டிக்காரர்களுக்கும் கொஞ்சம் சிரமம். அருங்காட்சியக விமானங்களைப் படம் எடுக்கலாம். பக்கத்துத் தளத்தின் வேலிப்பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம், அது பாதுகாப்புப் பகுதி. ஓலாவும் ஊபரும் இங்கே கைகொடுக்காது. முனையத்தின் முன்பணக் கவுன்டரிலோ கோவாமைல்ஸ் செயலியிலோ வண்டி எடுத்து, திரும்பும் பயணத்தையும் அப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து 2017 வரை பறந்த டியூ-142 கண்காணிப்பு விமானம் ஒன்று இப்போது விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. அங்கே விமானத்தின் உள்ளேயே நடந்து போகலாம். ஒரே ஒரு விமானம்தான், ஆனால் உள்ளே இருந்தவர்கள் எங்கே உட்கார்ந்து என்ன செய்தார்கள் என்று வெளியே வரும்போது தெரிந்திருக்கும். இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால், விமான வகைகளுக்குக் கோவா, விமானத்துக்குள் இருந்த ஆட்களின் வேலைக்கு விசாகப்பட்டினம். கீழே கோபுரத்தில் உட்கார்ந்திருந்தவரின் வேலையைப் பார்க்க இன்னும் எங்கேயும் டிக்கெட் கொடுக்கவில்லை.